வீடு இருந்தும் வீடற்றவர்கள்: சென்னையில் பெண்கள் அடைக்கல இல்லங்களின் வரலாறு

ஆதரவற்ற பெண்களுக்கு அரசின் உதவியோடு தங்குமிடம் தரும் வழக்கம் சென்னையில் நூறாண்டுகளைக் கடந்தது. 1912-ஆம் ஆண்டையொட்டி எழும்பூரில் இளம் விதவைகளுக்காகத் தொடங்கிய சிறு விடுதியிலிருந்து இன்றைய 'சக்தி சதன்' இல்லங்கள் வரை இந்த வரலாறு நீள்கிறது. இதன் முக்கிய நிகழ்வுகள் பலவும் மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வட்டாரத்தில் நடந்தவை. மந்தைகள் மேய்ந்த வெளி என்பதால் மந்தைவெளி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அந்த வெளி வீடுகளாக மாறிய அதே காலத்தில்தான் வீடில்லாத பெண்களைப் பற்றிய பேச்சும் இப்பகுதியில் தொடங்கியது.

இந்த வரலாற்றைக் காலவரிசைப்படி படிக்கும் மாணவருக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். விதவைக்கு 1912-இல் திறந்த கதவு, கணவனிடம் அடிபட்டு வெளியேறிய மனைவிக்குத் திறக்க ஏன் இத்தனை காலம் ஆயிற்று? கட்டுரை முழுவதும் இந்தக் கேள்வியையே பின்தொடர்கிறது.

ஐஸ் ஹவுஸ்

ஆர்.எஸ். சுப்புலட்சுமி 1886-இல் மயிலாப்பூரில் பிறந்தார். பதினொரு வயதில் திருமணம். சிறிது காலத்திலேயே கணவர் இறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர் மகளுக்குத் தலைமழிக்கும் சடங்கைச் செய்யாமல் படிக்க வைத்தார். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற சுப்புலட்சுமி, மறு ஆண்டு சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். எழும்பூரில் தம் குடும்பம் வசித்த வீட்டிலேயே நான்கு இளம் விதவைகளைத் தங்க வைத்துக் கற்பித்தார். அவருடைய சித்தி வாலாம்பாளும் இளவயதில் கணவரை இழந்தவர். சமையலையும் வீட்டு நிர்வாகத்தையும் அவர் ஏற்றுக்கொண்டார்.

இங்கே அரசு எப்படி வந்தது என்பது கவனிக்கத்தக்கது. அப்போது பெண்கள் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைக்கவில்லை. மணமான பெண்ணை வேலைக்கு அனுப்பக் குடும்பங்கள் தயாராக இல்லை. பள்ளி ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற அம்மையார் இந்தச் சிக்கலுக்கு விடையாகச் சுப்புலட்சுமியின் விடுதியைக் கண்டார். இளம் விதவைகளைப் படிக்க வைத்தால் ஆசிரியைகள் கிடைப்பார்கள் என்ற கணக்கு அரசுக்கும் புரிந்தது. உதவித்தொகை வந்தது, விடுதியும் வளர்ந்தது. இரக்கம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கருவூலத்தைத் திறந்தது ஆசிரியைப் பற்றாக்குறைதான் என்பது என் கருத்து.

இடம் போதாமல் விடுதி திருவல்லிக்கேணிக்கு மாறியது. பிறகு கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்குச் சென்றது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டிய கட்டடம் அது. பின்னர் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் வீடாயிற்று. 1897-இல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். 1917-இல் அரசு அதை வாங்கியது. எதிரே விதவை வந்தால் அபசகுனம் என்று திரும்பிப் போன நகரத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி கடற்கரைச் சாலையிலேயே விதவைகளின் விடுதி நின்றது. 1922-இல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது சுப்புலட்சுமியே அதன் முதல்வரானார்.

ஆனால் அந்தக் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. பெயரே 'பிராமண விதவைகள் விடுதி'. வயது வரம்பும் இருந்தது. பதினெட்டைத் தாண்டிய விதவைகளுக்கு அங்கே இடம் கிடைக்காததால், சங்கத்தின் சார்பில் சாரதா வித்யாலயா 1927-இல் உருவானது. அரசு ஊழியராக இருந்ததால் சுப்புலட்சுமி சமூகச் சீர்திருத்த இயக்கங்களில் வெளிப்படையாக ஈடுபட முடியாமல் தயங்கியதும் உண்டு. மோனிகா ஃபெல்டன் அவரைப் பற்றி எழுதிய நூல் 1966-இல் வந்தது. அவர் 1969 டிசம்பரில் காலமானார்.

அடையாறும் கச்சேரி சாலையும்

அடுத்த கதவைத் திறந்தவர் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி. சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராகவும் துணைத் தலைவராகவும் இருந்த அவர், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகப் போராடினார். 1930-ஐ ஒட்டி, அந்த வாழ்க்கையிலிருந்து தப்பி வந்த சில சிறுமியர் அவர் வீட்டுக்கு வந்தனர். நகரத்திலிருந்த விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. ஒவ்வொரு விடுதியும் ஒரு சாதிக்கு உரியது. இந்தச் சிறுமியர் எந்தப் பட்டியலிலும் இல்லை. தம் வீட்டிலேயே அவர் இடம் கொடுத்தார். அதுவே ஔவை இல்லம். சில ஆண்டுகளில் அது அடையாறுக்கு மாறியது. இன்றும் அங்கே பள்ளியோடு இயங்கி வருகிறது.

இதே காலத்தில் அரசு நேரடியாக ஒரு வகைப் பெண்களுக்கு இல்லம் அமைக்க முன்வந்தது. 1930-ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் விபசார விடுதிகளை ஒடுக்க வந்தது. மீட்ட பெண்களை எங்கே வைப்பது என்ற கேள்வி உடனே எழுந்தது. காவல் இல்லங்கள் அதற்கான விடை. 1956-இல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்த பிறகு அவை நிலைபெற்றன. மயிலாப்பூர் கச்சேரி சாலையில் உள்ள அரசுக் காவல் இல்லம் அந்த மரபைச் சேர்ந்தது. மந்தைவெளியிலிருந்து நடந்தே போகலாம். பெயரில் இல்லம் என்று இருந்தாலும் அது நீதிமன்ற உத்தரவின்பேரில் பெண்களை வைத்திருக்கும் இடம். உள்ளே போவதும் வெளியே வருவதும் அவர்கள் விருப்பமல்ல. அடைக்கலமும் அடைப்பும் ஒரே சுவருக்குள் இருந்தன.

ஆக 1930-களின் நிலையைப் பார்த்தால், கணவன் இறந்தவளுக்கு இடம் உண்டு. பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பியவளுக்கு இடம் உண்டு. விபசாரத்திலிருந்து மீண்டவளுக்கும் இடம் உண்டு. மூவருக்கும் பொதுவான ஒன்று, அவர்களுக்குக் கணவன் என்று ஒருவன் இல்லை. கணவன் உள்ளவளுக்கு வீடு இருக்கிறது என்பதே சமூகத்தின் கணக்கு. அரசின் கணக்கும் அதுவே.

பிறந்த வீடும் புகுந்த வீடும்

தமிழில் பெண்ணுக்கு இரண்டு வீடுகள். ஒன்று பிறந்த வீடு, மற்றொன்று புகுந்த வீடு. இரண்டும் அவள் பெயரில் இல்லை. புகுந்த வீட்டைவிட்டு வந்து பிறந்த வீட்டில் இருப்பவளை வாழாவெட்டி என்று ஊர் சொன்னது. அவள் வெளியேறக் காரணமான ஆணுக்கு அப்படி ஒரு சொல் நம் மொழியில் இல்லை.

சட்டமும் இந்த வழியிலேயே நடந்தது. இந்துப் பெண்களின் சொத்துரிமை பற்றிய 1937-ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் விதவைக்குத்தான் கணவனின் பங்கில் உரிமை தந்தது. அதுவும் ஆயுட்காலம் வரை மட்டும். 1946-இல் வந்த மற்றொரு சட்டம், கணவன் கொடுமை செய்தால் மனைவி தனியே வசிக்கலாம், ஜீவனாம்சம் கேட்கலாம் என்றது. எங்கே வசிப்பது என்று சொல்லவில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளுக்குத் தந்தையின் சொத்தில் பங்கு தந்தது. ஆனால் குடும்பம் குடியிருக்கும் வீட்டில் தங்கும் உரிமை, மணமாகாத மகளுக்கும், விதவைக்கும், கணவனைப் பிரிந்த அல்லது கணவன் கைவிட்ட மகளுக்கும் மட்டுமே என்று அதன் 23-ஆம் பிரிவு வரம்பு கட்டியது. அந்தப் பிரிவு நீங்கியது 2005-இல். தமிழ்நாடு 1989-லேயே குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தந்ததைப் பெருமையுடன் சொல்லலாம். ஆனால் அப்போது மணமாகியிருந்த மகள்களுக்கு அந்த உரிமை இல்லை. இங்கும் மணமானவள் வெளியே நின்றாள்.

ஓய்வூதியத் திட்டங்களைப் பார்த்தாலும் இதே வரிசைதான். தமிழ்நாட்டில் ஆதரவற்ற விதவைகளுக்கான ஓய்வூதியம் 1975-இல் வந்தது. கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கானது 1986-இல். பின்னதற்கு விதிகள் கடுமை. வயது முப்பதைத் தாண்டியிருக்க வேண்டும். விவாகரத்தோ நீதிமன்றம் தந்த பிரிவோ இல்லையென்றால், கைவிடப்பட்டு ஐந்து ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும்.

'கைவிடப்பட்டவர்' என்ற சொல்லையும் சற்று நின்று பார்க்க வேண்டும். இலக்கணம் படித்தவர்களுக்கு அது செயப்பாட்டு வினை என்று தெரியும். செய்தவன் கணவன், பட்டவள் மனைவி. அடி தாங்காமல் தானே கிளம்பி வந்தவளை அந்தச் சொல்லில் எங்கே பொருத்துவது? அரசுப் படிவங்களில் பல காலம் அவளுக்குப் பெயரே இல்லை.

சமூக நல வாரியம்

விடுதலைக்குப் பிறகு மத்திய சமூக நல வாரியம் 1953-இல் உருவானது. அதன் முதல் தலைவர் துர்காபாய் தேஷ்முக். சென்னை மாநில அளவிலான ஆலோசனை வாரியத்துக்கு முத்துலட்சுமி ரெட்டி தலைமை தாங்கினார். துர்காபாய் ராஜமுந்திரியில் பிறந்தவர். எட்டு வயதில் நடந்த திருமணத்தை வளர்ந்தபின் ஏற்காமல் விலகியவர். அவர் சென்னையில் 1937-இல் தொடங்கிய ஆந்திர மகிளா சபை, மந்தைவெளியை அடுத்த ராஜா அண்ணாமலைபுரம் பகுதியில் அவர் பெயர் கொண்ட சாலையிலேயே இருக்கிறது. பேருந்தில் அந்தச் சாலையைக் கடக்கும் எத்தனையோ பேருக்கு அவர் யாரென்று தெரியாது.

வாரியத்தின் வழி எளியது. அரசே இல்லம் நடத்தாமல், நடத்தும் தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் தரும். இதில் நன்மை உண்டு. உள்ளூரை அறிந்தவர்கள் நடத்துவார்கள். தீமையும் உண்டு. மானியம் தாமதமானால் அரிசிக் கடையில் கடன். நிறுவனத்தை நடத்துபவர் மனம் எப்படியோ அப்படித்தான் உள்ளே சேர்க்கும் விதியும் இருக்கும்.

மாநில அரசு தன் பங்குக்குத் தாம்பரம் போன்ற இடங்களில் சேவை இல்லங்களை நடத்தி வருகிறது. விதவைகளும், கணவனைப் பிரிந்தவர்களும், ஆதரவற்ற பெண்களும் அங்கே தங்கிப் பள்ளிப் படிப்பை முடிக்கலாம், தொழில் கற்கலாம். ஐஸ் ஹவுஸின் தொடர்ச்சி இது. சாதி வரம்பு போனது. படித்து வேலைக்குப் போ என்ற நோக்கம் நிலைத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நள்ளிரவில் குழந்தையோடு வாசலில் நிற்பவளுக்கு உடனே வேண்டியது பாடப்புத்தகமல்ல, பூட்டக்கூடிய ஓர் அறை.

குடும்பத் தகராறில் வெளியேறும் பெண்ணையும் கருத்தில் கொண்டு 1969-இல் மத்திய அரசு குறுகிய காலத் தங்கும் இல்லங்கள் என்ற திட்டத்தைத் தொடங்கியது. எண்ணிக்கையில் அவை மிகக் குறைவு. 1983-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498-அ பிரிவு சேர்ந்தபோது மனைவியைக் கொடுமை செய்வது குற்றமானது. 1992-இல் ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தது. புகார் கொடுக்க இடம் கிடைத்தது. புகார் கொடுத்த அன்றிரவு எங்கே படுப்பது? பெரும்பாலும் புகாரில் உள்ள அதே வீட்டில்தான்.

நான் வகுப்பாசிரியராக இருந்த ஆண்டுகளில், கல்வியாண்டின் நடுவில் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். 'எந்த ஊருக்குப் போகிறீர்கள் அம்மா?' என்றால் பதில் வராது. முகவரிக் கட்டத்தை அவர்கள் நிரப்புவதற்குள் மணி அடித்துவிடும். பிள்ளைகளின் படிப்பு நின்றுபோவதும் இந்த வரலாற்றின் பகுதி. எந்த அரசு அறிக்கையின் தலைப்பிலும் அது வருவதில்லை.

இங்கிலாந்தில் மாறிய ஒரு சொற்பொருள்

இங்கே சற்று வெளியே பார்ப்பது பயன் தரும். 1971-இல் லண்டனின் சிஸ்விக் பகுதியில் எரின் பிட்ஸி அடிபட்ட மனைவியருக்கான இல்லத்தைத் தொடங்கினார். சுப்புலட்சுமி, முத்துலட்சுமி செய்ததைப் போலவே, முதலில் ஒரு வீட்டின் கதவு, பிறகு அரசு. ஆனால் அதைத் தொடர்ந்து வந்த 1977-ஆம் ஆண்டின் வீடற்றோர் சட்டத்தில் ஒரு முக்கியமான வரையறை இருந்தது. ஒருவருக்கு வீடு இருந்தாலும், உடன் வசிப்பவரின் வன்முறைக்கு அஞ்சி அங்கே இருக்க முடியாவிட்டால், அவரும் வீடற்றவரே. அவருக்குத் தங்குமிடம் தருவதில் உள்ளாட்சிக்குக் கடமை உண்டு. வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமா என்ற கேள்விக்குச் சட்டமே பதில் சொன்னது.

இந்தியாவில் நகர்ப்புற வீடற்றோருக்காக 2010-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் என்ற அளவில் மாநகரங்கள் அமைக்க வேண்டும் என்ற நிலை உருவானது. சென்னை மாநகராட்சி பெண்களுக்கெனத் தனிக் காப்பகங்களையும் நடத்துகிறது. ஆனால் வீடற்றவர் என்றதும் நம் மனத்தில் வருவது நடைபாதையில் படுப்பவரே. நடைபாதைக்கு வந்தவள் வந்த வழியைக் கேட்டால், பல வேளைகளில் அது ஒரு வீட்டு வாசலில் தொடங்கியிருக்கும்.

2005-ஆம் ஆண்டின் சட்டம்

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 6-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட பெண் கேட்டால் அடைக்கல இல்லத்தின் பொறுப்பாளர் இடம் தரவேண்டும் என்கிறது. 17-ஆம் பிரிவு அதைவிடப் பெரிது. கணவனோடு வாழும் வீடு யார் பெயரில் இருந்தாலும், அதில் வசிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. 19-ஆம் பிரிவின்படி, தேவைப்பட்டால் கணவனையே வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். அல்லது அதே தரத்தில் வேறு வீடு பார்த்துத் தரவோ வாடகை கொடுக்கவோ சொல்லலாம். அதுவரை அடிபட்டவள் எங்கே போவாள் என்று மட்டுமே கேட்டு வந்தோம். அடித்தவன் ஏன் போகக்கூடாது என்று இந்தச் சட்டம் கேட்டது.

ஆனால் நடைமுறைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பத்ரா வழக்கில் உரிமையைச் சுருக்கியது. மாமியார் பெயரில் உள்ள வீட்டில் மருமகள் அந்த உரிமையைக் கோர முடியாது என்றது தீர்ப்பு. நம் குடும்பங்களில் வீடு மாமனார் மாமியார் பெயரில் இருப்பது எவ்வளவு இயல்பு என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றியது 2020 அக்டோபரில், அகூஜா வழக்கில். இடையில் கிட்டத்தட்ட பதினான்கு ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் எத்தனை மருமகள்கள் சட்டப்படியே வெளியே நின்றார்கள் என்பதை யாரும் எண்ணவில்லை.

சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து 2022 ஆகஸ்டில் ஒரு முக்கியத் தீர்ப்பு வந்தது. நீதிபதி ஆர்.என். மஞ்சுளா, வீட்டில் அமைதி நிலவக் கணவனை வெளியேற்றுவது ஒன்றே வழி என்றால் நீதிமன்றங்கள் அதற்குத் தயங்கக் கூடாது என்றார். கணவனுக்குச் செல்ல வேறு இடம் இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தடையல்ல என்றும் கூறினார். இத்தனை காலம் மனைவி வெளியேறியபோது அவளுக்கு வேறு இடம் இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லையே என்று படிக்கும்போது தோன்றியது.

இன்றைய இல்லங்கள்

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். இந்திய சராசரி ஏறத்தாழ 29. படிப்பில் முன்னே நிற்கும் மாநிலம் இதில் சராசரிக்கு மேலே நிற்கிறது.

இவர்களில் வெளியேற நினைப்பவருக்கு இன்று உள்ள ஏற்பாடுகள் இவை. 2015-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த சேவை மையங்களில் மருத்துவம், சட்ட உதவி, ஆலோசனை ஆகியவற்றோடு ஐந்து நாள் வரை தங்கலாம். அதற்குமேல் தங்க வேண்டியவர்களுக்கென 2001-02-இல் மத்திய அரசு சுவாதார் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. பின்னர் குறுகிய காலத் தங்கும் இல்லங்களும் அதனுடன் இணைந்து 'சுவாதார் கிரஹ்' ஆயின. 2022-இல் பெயர் மாறிச் 'சக்தி சதன்' ஆனது. பெயர்கள் மாறும் வேகத்துக்குப் படுக்கைகள் கூடவில்லை என்றே சொல்ல வேண்டும். ஒரு சுவாதார் இல்லத்துக்கு 30 பேர் என்பது அளவாக இருந்தது. சென்னையில் 2001 முதல் இயங்கும் பி.சி.வி.சி. போன்ற தொண்டு நிறுவனங்களும் அடைக்கலம் தருகின்றன.

சுவாதார் கிரஹ் விதிகளில் ஓர் இடம் என் கேள்விக்கு நேரே வந்து நிற்கிறது. அந்த விதிகள் நடப்பில் இருந்தபோது, பொதுவாகப் பெண்கள் மூன்றாண்டு வரை தங்க முடிந்தது. 55 வயதைத் தாண்டியவர் ஐந்தாண்டு வரை. குடும்ப வன்முறையால் வந்தவருக்கு மட்டும் ஓராண்டு. வழக்கு முடிய ஓராண்டு போதுமா, தெரிந்த வேலை எதுவுமில்லாதவர் வாடகைக்கும் முன்பணத்துக்கும் ஓராண்டில் சேர்த்துவிட முடியுமா என்று விதி எழுதியவர்கள் யோசித்திருப்பார்கள் என்று நம்பலாம். ஆனால் அவளுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது என்ற 1912-ஆம் ஆண்டின் எண்ணம்தான் அந்த ஓராண்டுக்குள் ஒளிந்திருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

மகன்களுக்கு வயது வரம்பும் உண்டு. வளர்ந்த பையனோடு வருகிற தாய், அவனை வேறு இல்லத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். பல பெண்கள் அடைக்கலம் தேடாமல் அடி வாங்கிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் காரணம்.

இன்னொரு வேறுபாடு. ஐஸ் ஹவுஸ் கடற்கரையில் எல்லோரும் காண நின்றது. இன்றைய அடைக்கல இல்லங்களுக்குப் பெரும்பாலும் பெயர்ப்பலகை கிடையாது, முகவரியும் வெளியே சொல்வதில்லை. விதவையைத் தேடி யாரும் வரமாட்டார்கள். மனைவியைத் தேடிக்கொண்டு வருவார்கள். இந்த இரகசியத்தால் ஒரு விளைவும் உண்டு. தேவைப்படும் பெண்ணுக்கும் அந்த இடம் எங்கே இருக்கிறதென்று தெரியாது. அதனால் இடையில் ஓர் ஆள் வேண்டும். மாவட்டந்தோறும் உள்ள பாதுகாப்பு அலுவலரை அணுகலாம். 2018 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் இயங்கும் 181 என்ற மகளிர் உதவி எண்ணையும் அழைக்கலாம். இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். புகார் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பாதிக்கப்பட்டவர்தான் பேச வேண்டும் என்பதும் இல்லை. அடுத்த வீட்டுக்காரரும் ஆசிரியரும் அழைக்கலாம்.